மோரிஸ் மைனரோடு முதல் 3 மாதம்: புதிதாக வாங்கியவருக்கு ஒரு வழிகாட்டி

கார் வீட்டுக்கு வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார், முனியாண்டி கோயிலில் பூசை போடாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "எடுங்க தம்பி" என்றார் பூசாரி. முதல் கியரைத் தள்ளினேன். கர்ரென்று பல்லைக் கடிக்கிற சத்தம். கிளட்சை விட்டதும் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. பழம் நான்கும் பத்திரமாக இருந்தன. 10 வருடமாக மைவி என்னும் இன்றைய மலேசியக் காரை ஓட்டியவன் நான்.

அது 1098 சிசி மோரிஸ் மைனர் 1000, பழைய பிரிட்டிஷ் கார். எங்கள் தோட்டத்தில் டிரசராக, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளராக, இருந்தவருடையது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் கோலாலம்பூர் பக்கம் போய்விட, கார் தகரக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. எங்கள் தோட்டத்தில் துரைக்கு (மேனேஜருக்கு) லேண்ட் ரோவர், பெரிய கிராணிக்கும் (தலைமைக் கணக்கருக்கும்) டிரசருக்கும் மோரிஸ், மற்ற எல்லாருக்கும் சைக்கிள் என்றுதான் இருந்தது. அதனால் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இந்தக் காரை நிறுத்தினால் யாராவது ஒரு பெரியவர் கிட்டே வந்து கதவைத் தடவிப் பார்க்காமல் போகமாட்டார்.

பூசை அன்று கூட்டத்தில் நின்ற ஓய்வுபெற்ற போமன் (மெக்கானிக்) மாமா ஒருவர், என் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, 3 மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, இதுல எதையும் கொஞ்சம் முன்னாடியே செய்யணும்." கியர் மாற்றுவது, பிரேக் பிடிப்பது, எண்ணெய் பார்ப்பது, மழைக்கு ஒதுங்குவது எல்லாமே அப்படித்தான். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அவர் சொத்து.

காகித வேலை

இதை முடித்துவிட்டுத்தான் மற்றது. கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா பாருங்கள், அதுவும் பணம் கைமாறுவதற்கு முன்பே. இந்த வயசுக் கார்கள் பலவற்றில் ஜப்பான் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அதை முறையாகப் பதியாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்துக்கு முந்திய வாகனப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். லைசென்ஸ் டி வகுப்பாக இருக்க வேண்டும். ஆட்டோ மட்டும் ஓட்டும் டிஏ லைசென்ஸ் வைத்திருந்தால் இந்தக் காரைத் தொட முடியாது. ரோடு டேக்ஸ் மட்டும் சந்தோஷமான விஷயம். தீபகற்ப மலேசியாவில் 948 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1098 சிசிக்கு 55 ரிங்கிட். என் 1.3 மைவிக்கே 70.

துருவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மைனருக்கு உடம்பைத் தாங்கத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, உடம்புதான் எலும்பு. ஜாக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், கம்பளத்துக்கு அடியில் தரை, இந்த மூன்றையும் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் முதலில் வெல்டிங், பிறகுதான் ஓட்டுவது. பின்பக்கம் மரச்சட்டம் வைத்த டிராவலர் மாடல் என்றால் அந்த மரம் அழகுக்கு அல்ல, அதுதான் பின்பகுதியைத் தாங்குகிறது. நம் ஊரில் துருவோடு கரையானையும் தேட வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் சும்மா உட்காருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஓர் அரை மணி நேரம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எது எங்கே இருக்கிறது என்று கை கால்களுக்குப் பழக்குங்கள். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து எழும்பி நிற்கும், அதனால் பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டும். நீளக் காலணி, மழைக்காலச் சிலிப்பர் இரண்டும் வேண்டாம். ஹெட்லைட்டை உயர்த்தித் தாழ்த்தும் பொத்தான் கிளட்சுக்கு இடப்பக்கம் தரையில் இருக்கிறது, இடது காலால் மிதிக்க வேண்டும். அது தெரியாமல் முதல் இரவு எதிரே வந்தவன் எல்லாம் எனக்கு ஹார்ன் அடித்தான்.

1961க்கு முந்திய காராக இருந்தால் விளக்குச் சிமிட்டலுக்குப் பதில், கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று நீட்டும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இன்றைய மோட்டார்சைக்கிள்காரர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. பின்னால் சிமிட்டும் விளக்கையும் சேர்த்து மாட்டிக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லாத காரென்றால் அதையும் மாட்டுங்கள். பழமை கெடுகிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

டேஷ்போர்டில் நடுவில் ஒரே ஒரு வட்டம். அதில் வேகம், பெட்ரோல் அளவு, சில எச்சரிக்கை விளக்குகள், அவ்வளவுதான். எஞ்சின் சூடு காட்டும் முள் கிடையாது. 33 டிகிரி வெயிலில் ஓடும் காருக்கு அது இல்லாதது எனக்குப் பயமாக இருந்தது. முதல் செலவாகத் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வாங்கி டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டினேன். நீங்களும் அதையே முதலில் செய்யுங்கள், சீட் துணியெல்லாம் பிறகு பார்க்கலாம்.

வாரம் ஒரு தடவை, 10 நிமிடம்

மைவியில் பானெட்டைத் திறக்காமலே வருடம் ஓடிவிடும். இதில் ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்தே ஆக வேண்டும்.

எஞ்சின் எண்ணெய்க்கு, அதாவது பட்டறையில் மினியா ஈத்தாம் என்று கேட்பதற்கு, சாதாரண 20டபிள்யூ-50 போதும். மெல்லிய சிந்தெடிக் எண்ணெய் புதுக் காருக்கு நல்லது, இதற்கு அது கசிவதற்குத்தான் வழி காட்டும். ரேடியேட்டர் தண்ணீரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். கார்புரேட்டர் எஸ்யூ வகை. அதன் தலையில் உள்ள சின்ன மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் சிறு குழாயில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். அது வற்றிவிட்டால் ஆக்சிலேட்டர் அழுத்தும்போது கார் திக்கித் திக்கிப் போகும். பலர் இதற்குக் கார்புரேட்டரையே மாற்றிவிடுகிறார்கள், ஒரு ஸ்பூன் எண்ணெயில் தீரும் வேலை.

பிரேக் எண்ணெய் டப்பாவைத் தேடி நான் ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். அது அங்கே இல்லை. ஓட்டுநரின் காலடியில், கம்பளத்தையும் தரை மூடியையும் எடுத்தால், தரைக்கு அடியில் ஓடும் இரும்புப் பெட்டிக்குள், பிரேக் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் எல்லாரும் மறக்கும் இடம். 4 சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. எங்கே கசிந்தாலும் மொத்தப் பிரேக்கும் போய்விடும். வாரம் தவறாமல் பாருங்கள்.

அடுத்து கிரீஸ். மைனரின் முன் சக்கரங்கள் திருகுமரை போட்ட டிரன்னியன் என்னும் உருப்படியில் சுழல்கின்றன. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்துவிட்டால் ஒரு நாள் சக்கரம் அப்படியே மடிந்து, கார் முன்பக்கமாகக் குப்புற உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும் என்பார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். 1,600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது மேலேயும் கீழேயும் கிரீஸ் கன்னால் அடியுங்கள். சக்கரம் தரையில் இருந்தால் பாரம் அழுத்தி, கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் கார் என்றால் 1,000 கிலோமீட்டரிலேயே அடித்துவிடுங்கள்.

எஞ்சினை எழுப்புவது

சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள். மின்சாரப் பெட்ரோல் பம்ப்தான். கார்புரேட்டர் நிறைந்ததும் அது மெதுவாகி நின்றுவிடும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று நுழைகிறது. சத்தமே வராவிட்டால் பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஸ்பேனரால் செல்லமாக ஒரு தட்டு தட்டுங்கள், பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். அது தற்காலிக வைத்தியம்தான், உள்ளே இருக்கும் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சோக் குமிழை இழுத்தபடியே ஓட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இங்கிலாந்துக் குளிருக்கு வைத்தது அது. நம் ஊரில் விடிகாலையில் பாதி இழுத்து, எஞ்சின் பிடித்ததும் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, தெரு முனைக்குள் முழுதும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். வெயிலில் ஓடி நின்ற காருக்குச் சோக் வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் பிடித்த உடனே எண்ணெய் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் நிறுத்துங்கள். சிவப்பு இக்னிஷன் விளக்கு மெதுவாக ஓடும்போது மினுங்கினால் பரவாயில்லை. இதில் இருப்பது டைனமோ, எஞ்சின் சும்மா ஓடும்போது அது சார்ஜ் செய்யாது.

பாட்டரி இறங்கிவிட்டால் காரின் முன்பக்க ஓட்டையில் கைப்பிடியை விட்டுச் சுற்றியே எழுப்பலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது எலும்பு முறியும்.

நகர்வது, அதாவது முதல் கியரோடு சமாதானம் ஆவது

4 கியரில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கியர்களுக்குச் சிங்க்ரோமெஷ் உண்டு. பற்கள் சேர்வதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிற வளையம் அது. முதல் கியருக்குக் கிடையாது. அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். என் எலுமிச்சம்பழக் கதைக்குக் காரணம் இதுதான்.

நின்றுகொண்டிருக்கும்போது வழி சுலபம். கிளட்சை முழுதும் மிதித்து, மனதுக்குள் இரண்டு எண்ணி, கியர் கம்பியை முதலில் இரண்டாவதில் தொட்டுவிட்டு அப்புறம் முதலாவதுக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவதின் சிங்க்ரோமெஷ் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பற்களை நிறுத்திவிடும், முதலாவது வெண்ணெயில் கத்தி போல இறங்கும். இந்த ஒரு தந்திரத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் கோயிலில் மானம் போயிருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாவதுக்கு இறங்குவது வேறு கதை. மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது தேவைப்படும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி எஞ்சினைச் சற்று உறுமவிடுங்கள். உடனே மறுபடி கிளட்சை மிதித்து முதலாவதில் போடுங்கள். எவ்வளவு உறும வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது, காதுதான் சொல்லும். எனக்கு 6 ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வராதவரை என்ன செய்வது? சிம்பிள், முழுதும் நின்றுவிட்டு முதலாவதில் போட்டுக் கிளம்புங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அவர்களை ஓட்டச் சொல்லுங்கள்.

பழக எங்கே போவது? நாங்கள் லிந்தாங் பக்கத்துத் தோட்டப் பாதைக்குப் போனோம். அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அது தனியார் நிலம். ஞாயிறு காலையில் செம்பனைக் குலை லாரிகள் ஓடாது. மேடும் பள்ளமும் வளைவும் எல்லாம் சின்ன அளவில் இருக்கும். 1948 ஜூன் 16ல் தோட்டத் துரைகள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய வட்டாரம் இது. அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டன் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வெளிவந்தது. மாமா இந்த ஒற்றுமையை ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார், நானும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பேன்.

ஸ்டியரிங்குக்குப் பவர் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பாதீர்கள். கார் ஓர் அங்குலமாவது நகரட்டும், அப்புறம் திருப்பினால் லேசாக இருக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் இதன் ஸ்டியரிங்கைப் போலச் சுகம் எந்தப் புதுக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ரேக் அண்ட் பினியன் அமைப்பு, ரோட்டில் இருக்கும் சின்னக் கல்லைக்கூடக் கைக்குச் சொல்லும். ரப்பர் காட்டு நிழலில் இரண்டாவது, மூன்றாவது கியரில் வளைந்து வளைந்து போகும்போதுதான் இந்தக் காரை ஏன் வாங்கினோம் என்று புரியும்.

பிரேக்

இதில் அவசரப்படாதீர்கள், நிதானமாகப் படியுங்கள். 4 சக்கரத்திலும் டிரம் பிரேக். பூஸ்டர் இல்லை, ஏபிஎஸ் இல்லை. மைவியில் விரல் நுனியால் அழுத்தும் இடத்தில் இங்கே தொடையால் அழுத்த வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அந்த இடைவெளியில் ஒரு மோட்டார்சைக்கிள் நுழையும், இன்னொன்றும் நுழையும். நுழையட்டும், மறுபடி பின்வாங்குங்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்தால் டிரம்முக்குள் நீர் போய்ப் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும். கடந்ததும் பின்னால் யாரும் இல்லாதபோது பெடலை லேசாக மிதித்தபடியே சற்றுத் தூரம் ஓட்டி, சூட்டில் காய வையுங்கள். நீள இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

பெடல் நாளாக நாளாகக் கீழே போய்க்கொண்டிருந்தால், எண்ணெய் சரியாக இருக்கும் பட்சத்தில், பிரேக் கட்டையை நெருக்க வேண்டும். தானாக நெருக்கிக்கொள்ளாது. சக்கர மூடியைக் கழற்றி, டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்குரூடிரைவரால் திருக வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு, பின்னால் ஒவ்வொன்று. சக்கரம் நிற்கும் வரை நெருக்கி, ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மழை, ராத்திரி, பிறகு அந்த வயர் விவகாரம்

பேராக்கில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. வைப்பர் ஒரே வேகம்தான், அதுவும் நிதானப் பேர்வழி. ராத்திரி மழையில் ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓட, சிக்னலில் எஞ்சின் முனகிக்கொண்டு நின்றால் டைனமோ ஈடுகொடுக்காது. சிக்னலில் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தியே வையுங்கள். என் முடிவு என்னவென்றால், கரும்மேகம் கண்டால் ஏதாவது கடையோரம் ஒதுங்கி ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிடுவது.

இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாட்டரியின் பிளஸ் முனை உடம்போடு இணைந்திருந்தது, இன்றைய காருக்கு நேர் எதிர். ஒரு டயர் கடையில் பையன் ஒருவன் உதவி செய்வதாக எண்ணி, வழக்கமான காருக்குச் செய்வதுபோல ஜம்பர் வயரை மாட்டிவிட்டான். புகை வந்தது, ஒரு வயர்க் கட்டு கருகியது. தப்பு என்னுடையதும்தான், நான் தே ஓ குடிக்கப் போயிருந்தேன். பாட்டரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். உங்கள் காரை முன்பே யாராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் ஒட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் இருக்க வேண்டியது, பட்டறையில் கேட்க வேண்டியது

ஒரு ஃபேன் பெல்ட், தீப்பொறிக்கான ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், 2 பிளக், 5 லிட்டர் தண்ணீர், ஸ்பேனர்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் இதில் சரியாக உட்காராது, அங்குல அளவுச் செட் தனியாக வாங்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இந்த இரண்டு எண்ணையும் பானெட்டின் உள்பக்கம் நான் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போமனைத் தேர்ந்தெடுக்கும்போது கடை எவ்வளவு பெரிசு என்று பார்க்காதீர்கள், அவர் வயதைப் பாருங்கள். கணினி செருகாமல் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இப்போது 60ஐத் தாண்டிவிட்டார்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கூலியோடு தேநீர் வாங்கிக் கொடுங்கள். இரண்டு வருடத்தில் பாதி வேலையை நீங்களே செய்வீர்கள்.

முதல் நீளப் பயணம்

மூன்றாவது மாதம் நாங்கள் கோலகங்சார் போனோம். பழைய டிரங்க் ரோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேண்டாம். மைனர் 110ஐத் தொடும், ஆனால் எஞ்சின் அலறும் சத்தத்தில் யாரும் பேச முடியாது. 70 அதற்குப் பிடித்த வேகம். பின்னால் வரிசை சேர்ந்தால் அகலமான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். வழிவிட்டால் கண்ணாடியை இறக்கிக் கை காட்டிவிட்டுப் போவார்கள், சிலர் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் 1932ல் திறந்த இஸ்கந்தர் பாலத்தில் பேராக் ஆற்றைக் கடக்கலாம். ஊருக்குள் 1877ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. என் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றி வரவழைத்த மரத்தின் மூதாதை. அதன் எதிரே மோரிசை நிறுத்தி அம்மாவை ஒரு படம் எடுத்தேன். அம்மா மரத்தைப் பார்க்காமல், "எண்ணெய் ஒழுகுது பாரு" என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சொட்டுதான். இந்தக் கார் சொட்டாவிட்டால்தான் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

போய்ச் சேர்ந்து நிறுத்தியதும் மாமா சொல்லிக்கொடுத்த கடைசி வேலையைச் செய்தேன். காரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுமூடிக்குப் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் சாகிறது. அங்கேயே ஆறவிட்டு, வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்து கழற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே சூடு என்றால் கையைக் கழுவிவிட்டு லக்சா கடைக்குப் போகலாம்.